ஹைலக்ஸில் 285/70 R17: ஸ்டீரிங் ஒடித்தால் உரசுகிறது, லிஃப்ட் கிட் போட்டால் தீருமா?

கேள்வி:
டொயோட்டா ஹைலக்ஸ், கம்பெனி டயர் 265/65 R17. அதே வீலில் 285/70 R17 ஆல் டெரெய்ன் மாட்டியிருக்கிறேன். நேராக ஓட்டும்போது சத்தமில்லை. ரிவர்ஸில் முழுசா ஒடித்தால் முன் டயர் இரண்டும் கரகரவென்று உரசுகிறது. 2 இன்ச் லிஃப்டும் (வண்டியை உயர்த்தும் கிட்) ஸ்பேசரும் (வீலை வெளியே தள்ளும் தட்டு) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில் 1:
ரெண்டும் வேண்டாம் சார். பழைய டயர் விட்டம் 776 மி.மீ., இது 831. சுற்றிலும் 27 மி.மீ. வெளியே வந்திருக்கிறது. லிஃப்ட் உடம்பைத் தூக்குமே தவிர, பள்ளத்தில் சஸ்பென்ஷன் அமுங்கினால் டயர் பழைய இடத்துக்கே ஏறும். ஸ்பேசர் இன்னும் மோசம்: டயர் வெளியே தள்ளிப்போய் ஒடிக்கும்போது பெரிய வட்டம் போடும், வீல் வளைவின் பின்பக்கம் பலமாக இடிக்கும்.

முதலில் டயர் தோள்பட்டையில் சாக்பீஸ் தடவி, இரண்டு பக்கமும் முழுசா ஒடித்துப் பாருங்கள். எங்கே ஒட்டியிருக்கிறது?

கேள்வி கேட்டவர்:
மட்ஃபிளாப்பிலும் ஃபெண்டர் லைனரின் (வீல் வளைவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) பின் ஓரத்திலும். அதற்கு உள்ளே பாடி மவுண்டிலும் (கேபினும் சேசிஸும் சேரும் இடம்) லேசாக.

பதில் 1:
மட்ஃபிளாப்பைக் கழற்றுங்கள். லைனரை ஹீட் கன்னால் இளக்கிப் பின்னால் அழுத்தி, கிளிப் போட்டு நிறுத்துங்கள். பிறகு அலைன்மென்ட் கடையில் காஸ்டரை (ஸ்டீரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டச் சொல்லுங்கள். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பினால் வீல் சில மி.மீ. முன்னால் நகரும், மவுண்டில் லேசாகப் படுவதற்கு அதுவே போதும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும், இல்லாவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். முன்பக்க பம்பர் ஓரத்தில் படுகிறதா என்று மறுபடி சாக்பீஸ் வைத்துப் பாருங்கள்.

பதில் 2:
மவுண்டை வெட்டி வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது கேபினைத் தாங்குகிற இடம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் குறுக்கே வரும்.

ஸ்டெப்னியை மறந்துவிட்டீர்கள் போல. பழைய 265/65 விட்டத்தில் 7% சிறியது. அதை மாட்டிக்கொண்டு 4H, 4L (நாலு வீல் டிரைவ்) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் வீல்களுக்கு இழுவையைப் பிரிக்கும் கியர்ப் பெட்டி) முறுக்கிக்கொள்ளும். பின் டயர் பஞ்சரானால் முன் டயர் ஒன்றைப் பின்னால் கொண்டுபோய், ஸ்டெப்னியை முன்னால் போட்டு 2Hஇல் (பின் வீல்கள் மட்டும் இழுப்பது) மெதுவாகக் கடை வரை வாருங்கள்.

கிலோமீட்டர் மீட்டரும் 7% குறைத்துக் காட்டும். 10,000 என்று காட்டும்போது 10,700 ஓடியிருக்கும், ஆயில் மாற்றுவதை 9,300லேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் 1:
இழுவையும் அதே அளவு குறையும், மலை ஏற்றத்தில் கியர் முன்கூட்டியே இறக்கவேண்டி வரும். லோடு ஏற்றுகிறவர் என்றால் 265/70 R17க்கு இறங்கிவிடுங்கள். 803 மி.மீ.தான், 3.4% கூடுதல்.