கிலோ ஃப்ளைட்: நேரில் கண்டது, கேட்டது இருந்தால் எழுதுங்கள்

பனியன்காரன், திருப்பூர்

வங்கதேசத்து நாராயண்கஞ்சில் ஒரு நிட்டிங் மில்லில் ஆறு வருஷம் இருந்தேன். 1971 வங்கதேச விடுதலைப் போரில் வங்காளிகள் இந்தியாவில் இருந்து பறந்த சின்ன விமானப்படைதான் கிலோ ஃப்ளைட். அந்தக் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. மில் வாட்ச்மேன் சாச்சாவும் நானும் மொட்டை மாடியில் நின்றோம். சீதலக்கா ஆற்றுப் பக்கம் கை நீட்டி, "அங்கேதான் கோத்னைல் எண்ணெய்க் கிடங்கு" என்றார். 1971 டிசம்பர் 3 ராத்திரி அவர் சின்னப் பையன். முதலில் தடதடவென்று சத்தம், அப்புறம் ஆற்றுத் தண்ணீர் முழுக்கச் சிவப்பு. அம்மா பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம். "பயந்து அழுதேன் பாபு. வந்தது நம்ம ஹெலிகாப்டர் என்று அப்புறம்தான் தெரிந்தது." ஏதோ தப்புச் செய்தவர் போலச் சொன்னார். "நீ இந்தியாக்காரன்தானே, அது எங்கேயிருந்து கிளம்பியது?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்று வரை அது உறுத்துகிறது.

பழைய ஃபிட்டர்

தெலியாமுரா, தம்பி. திரிபுராவில். ஓட்டியவர்கள் சுல்தான் மஹ்மூத், பத்ருல் ஆலம். அதே ராத்திரி சிட்டகாங் எண்ணெய்க் கிடங்கை அடித்த ஆட்டர் விமானம் திரிபுராவின் கைலாசஹரில் இருந்து போனது.

அந்த வருஷம் நான் அசாமில், ஜோர்ஹாட்டில். கிலோ ஃப்ளைட் இருந்த நாகாலாந்தின் திமாப்பூருக்குச் சாமான் கொண்டுபோகும் டூட்டி வரும். ஆட்டர் என்பது ஆளும் மூட்டையும் ஏற்றுகிற ஒற்றை இன்ஜின் விமானம். அதன் இறக்கைக்குக் கீழே பக்கத்துக்கு 7 ராக்கெட். குண்டு போடுவதென்றால் கதவு வழியே கையால் உருட்டிவிட வேண்டும். ஹெலிகாப்டர் அலூவெட், நம் ஆட்கள் சேத்தக் என்பார்களே அதே ரகம். கீழேயிருந்து சுட்டால் தாங்குவதற்குத் தரையில் ஓர் அங்குல இரும்புத் தகடு. பாகிஸ்தான் விமானப்படையை விட்டு எல்லை தாண்டி வந்த ஒரு வங்காளி டெக்னீஷியன் அந்தத் தகட்டின் ஓரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தார். ராவுவார், உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மறுபடி ராவுவார். வீடு எங்கே என்றேன். "டாக்கா" என்றார். குடும்பம்? பதில் இல்லை, அரம் மட்டும் ஓடியது. அவர் விரலிடுக்கில் ஒட்டியிருந்த இரும்புத் தூள் இப்போதும் என் கண்ணில் இருக்கிறது.

மீர்பூர் போய் வந்தவன்

கிலோ ஃப்ளைட் பிறந்த கதையை எல்லோரும் 1971 செப்டம்பர் 28, திமாப்பூர் என்றே ஆரம்பிக்கிறீர்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆகஸ்ட் 20 அன்று கராச்சியில் டி-33 விமானத்தோடு தப்பப் பார்த்து, தட்டா பக்கம் விழுந்து இறந்த பாகிஸ்தான் விமானப்படையின் வங்காளி பைலட் மதியுர் ரஹ்மானில்தான் அது தொடங்குகிறது. 2006இல் உடலை டாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். மீர்பூரில் அந்தக் கல்லறை முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நின்றாள். என் அனுபவம் அவ்வளவுதான்.

பழைய ஃபிட்டர்

மதியுருக்கு என் சல்யூட் எப்போதும் உண்டு. அதே விமானத்தில் அவரைத் தடுத்து இறந்த பயிற்சி பைலட் ரஷீத் மின்ஹாசுக்கு 20 வயது. பாகிஸ்தான் அவனுக்கும் வங்கதேசம் இவருக்கும் தத்தம் மிக உயர்ந்த விருதைக் கொடுத்தன. ஆனால் தனி ஒருவரின் துணிச்சல் வேறு, படை வேறு தம்பி. படைக்குக் கமாண்டர், விமானம், எண்ணெய், ஸ்பேனர் பிடிக்கிற ஆள் எல்லாம் வேண்டும். திமாப்பூரில்தான் அது சேர்ந்தது. ஒரு ஆட்டர், ஒரு அலூவெட், ஜோத்பூர் மகாராஜா கொடுத்த ஒரு டகோட்டா விமானம், 9 பைலட்டுகள். அதில் பாதிப் பேருக்கு மேல் பயணிகள் விமானமும் மருந்தடிக்கும் விமானமும் ஓட்டியவர்கள். அவர்களை இரவில் மரத்தலை உயரத்தில் பறக்கப் பழக்கினார்கள். அந்த டெக்னீஷியன் தகட்டை ராவியதையும் சேர்த்துத்தான் படை என்கிறேன்.

கும்பகோணத்து மகள்

அப்பா கிழக்கு எல்லையில் ரேடியோ ஆபரேட்டர். ஒன்றும் கேட்டு வைக்காமல் அவரை அனுப்பிவிட்டேன். அதனால் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். பெரியவர்களிடம் தேதி கேட்காதீர்கள், என்ன சமைத்தீர்கள், குளிரா, நிலா இருந்ததா என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். நடுவில் திருத்தாதீர்கள், தப்பாகச் சொன்னாலும் முழுக்கச் சொல்லட்டும். பேர் மறந்தால் வேலையைக் கேளுங்கள், வேலை பேரைக் கொண்டுவரும். ஃபிட்டர் அய்யா, உங்களையும் யாராவது உட்காரவைத்துப் பதிவு செய்ய வேண்டும், இந்த மாதமே. பனியன்காரர் அண்ணா, சாச்சா நம்பர் இருக்கிறதா?

பனியன்காரன், திருப்பூர்

பழைய சூப்பர்வைசரிடம் வாங்கி இப்போதுதான் பேசினேன். "தெலியாமுரா, சாச்சா" என்றேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் பேரனைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார்.