"இது பிள்ளையின்ர குரல் இல்லை": வயது போனபின் கொக்ளியர் வைத்தவர்கள், வீட்டுக்காரர்கள் சொல்லுங்கள்

முத்தையன்கட்டு மகள்

சுற்றி வளைக்காமல் வருகிறேன். அப்பாவுக்குக் காது போனது 2009 மாசியில், கடைசிச் சண்டைக்குள், வன்னியில் சுதந்திரபுரத்தில், பங்கர் வாசலில். எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு காதாலும் இரத்தம். செட்டிகுளம் முகாமில் இருக்கும்போதே செவிப்பறை ஆறிவிட்டது, கேள்விதான் திரும்பி வரவில்லை. காயத்துக்கு ஏற்றிய ஊசிமருந்தும் மிச்சத்தைக் கெடுத்திருக்கலாம் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். சாதாரண காது மெஷின் இரண்டு வாங்கிக் கொடுத்தோம். "உள்ளுக்க ஆரோ தகரம் தட்டுற மாதிரிக் கிடக்கு" என்று மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். அதன்பிறகு வீட்டில் கதையெல்லாம் கொப்பியில் எழுதித்தான். 2021இல் கனடா மாமியின் (அப்பாவின் தங்கச்சி) காசில், உள்காதுக்குள் கேட்கும் கருவி வைக்கிற கொக்ளியர் ஒப்பரேஷன் கொழும்பில் நடந்தது.

நான் சொல்ல வந்தது கருவியை முதன்முதலில் சுவிட்ச் ஓன் பண்ணிய நாளைப் பற்றி. ஒப்பரேஷன் முடிந்து நாலு கிழமை. கருவியைச் சரிப்படுத்துகிற மிஸ் கொம்பியூட்டரில் ஏதோ தட்டினா. அப்பா தலையை ஒரு பக்கம் சரித்து, "வண்டு சுத்துது" என்றார். எந்த வண்டு என்று எங்களுக்குத் தெரியும்தானே, சண்டைக்காலத்தில் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானம், அம்மா சட்டென்று கூரையைப் பார்த்தா. பிறகு மிஸ் என்னிடம், "மகள், நீங்கள் கதையுங்கோ" என்றா. "அப்பா, நான்தான், கேக்குதோ?" என்றேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவடியைப் பார்த்தார், வேறு ஆரோ உள்ளே வருவதுபோல. திரும்பவும் கூப்பிட்டேன். என் வாய் அசைவதைப் பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் சொன்னார்: "இது பிள்ளையின்ர குரல் இல்லை."

காது போன அன்று எனக்கு 9 வயது. கொப்பியில் நான் எழுதியதையெல்லாம் அந்தச் சின்னக் குரலிலேயே மனதுக்குள் வாசித்துக்கொண்டிருந்தாராம். ஏ.எல். பாஸ் என்று எழுதியதையும் அப்படித்தான் வாசித்தாராம். இதைப் பிறகு அவரே சொன்னார்.

இப்போது நல்லாய்க் கேட்கிறது. ஆனால் அந்தக் கதவடிப் பார்வை மறக்குதில்லை. ஆருக்கும் இப்படி நடந்ததா?

ஓய்வு வாத்தியார், வவுனியா

பிள்ளை, நான் 63 வயதில் கருவி வைத்தவன். நீர் கவலைப்படும் விஷயத்தையே மாற்ற வேண்டும். அன்றைக்கு 9 வயதுப் பிள்ளையே முன்னால் நின்று கதைத்திருந்தாலும் அப்பாவுக்கு அது பிள்ளையின் குரலாகக் கேட்டிராது. என் மனுசியின் குரல் 35 வருடம் கேட்ட குரல். முதல் நாள் அது வாளிக்குள் தாரா கத்துவதுபோல இருந்தது. அவவிடம் அதை வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த பிழை.

காரணம் எளிது. காதின் நத்தைச் சுருளுக்குள் ஒலியை நரம்புக்குக் கொடுக்கிற மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 3,500 இருக்கும். கருவியில் அந்த வேலையைப் பார்ப்பது கம்பனியைப் பொறுத்து 12 முதல் 22 வரையான மின்வாய்கள், நரம்புக்கு மின்சாரம் கொடுக்கிற சின்னப் புள்ளிகள். அவ்வளவைக்கொண்டு மூளை குரலைப் புதிதாகப் படிக்க வேண்டும். 1978இல் மெல்போர்னில் கிரேம் கிளார்க் இந்தப் பல்மின்வாய்க் கருவியை முதலில் பொருத்தியதும் வாகன விபத்தில் கேள்வி இழந்த வளர்ந்த மனிதர் ஒருவருக்குத்தான். பேசிப் பழகியவர்களுக்குச் சொற்கள் ஏற்கனவே தலைக்குள் இருக்கின்றன, அதனால் வயது போனபின் வைத்தாலும் பிடித்துக்கொள்ளலாம்.

இனி, நீர் கேட்காவிட்டாலும் சிலதைச் சொல்லிவிடுகிறேன். தினமும் அரை மணித்தியாலம் பேப்பரை ஒருவர் சத்தமாக வாசிக்க, அப்பா வரியில் விரல் வைத்துக்கொண்டே கேட்கட்டும். பிறகு பேப்பரைப் பார்க்காமல் கேட்கட்டும். ரேடியோச் செய்தி நல்லது, நாடகம் இப்போதைக்கு வேண்டாம். எறிகிற பற்றரி என்றால் ஸ்டிக்கரை உரித்தவுடன் போடக் கூடாது, காற்றுப்பட ஒரு நிமிசம் விட வேண்டும். இரவில் கருவியை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையும், மாரியில் கட்டாயம். தலையில் வெளியே ஒட்டி நிற்கிற காந்த வட்டை ஹெல்மெட் இடித்துக் கழற்றிவிடும், உள் பஞ்சைக் கொஞ்சம் ஒதுக்கிக் கொடும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எம்.ஆர்.ஐ. எடுக்க முதல் தலைக்குள்ளும் ஒரு காந்தம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கருவி அட்டையைப் பேர்ஸில் வைத்திருக்கச் சொல்லும். கருவி வைத்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரும் அபாயம் சற்று அதிகம், நியூமோகொக்கஸ் தடுப்பூசி போட்டாரா என்று கிளினிக்கில் விசாரியும்.

என் கதை பெரிதாய் ஒன்றுமில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனேன். தவில் அடி அடியாய் விளங்கியது. நாதஸ்வரம் எண்ணெய் விடாத கிணற்றுக் கப்பி. தாளம் வரும், சுரம் வராது, இந்தக் கருவியின் குணம் அப்படி. அரைவாசியில் பற்றரியும் செத்தது. சனத்துக்கு நடுவில் நின்று எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாண்ட்மாஸ்டர், கனகராயன்குளம்

வாத்தியார் சொன்ன பட்டியலில் ஒன்று விட்டுப்போச்சு: இரும்பு.

எங்கள் பெரியப்பாவுக்கும் கொக்ளியர்தான். வைத்து மூன்று மாதம் இருக்கும். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, எண்ணெய் கசியுதோ என்று இஞ்சினுக்குக் கிட்ட குனிந்து பார்த்தார். தலையில் இருந்த காந்த வட்டு 'டக்' என்று பெட்டித் தகட்டில் ஒட்டிக்கொண்டது. அவருக்கு அது தெரியாது, சத்தம் நின்றது மட்டும்தான் தெரியும். "சனியன், நிண்டுட்டுது" என்று ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சினுக்கு ஹாண்டிலைக் கொண்டுபோய் மாட்டப் பார்த்தார். நான் பாய்ந்து இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். இழுத்ததற்கு எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. வயர் மட்டும் காதிலிருந்து தகட்டுக்குக் கொடிக்கயிறு மாதிரி இழுபட்டுக்கொண்டு நின்றது.

அதுக்கு இப்ப சிரிக்கிறோம். சிரிக்க முடியாதது யானை. ஒரு பக்கம் மட்டும் கருவி இருந்தால் சத்தம் எந்தத் திசையால் வருகிறது என்று பிடிபடாது. வயல் காவலில் இருந்தவர் கொப்பு முறிகிற சத்தத்தைக் கேட்டு எழும்பியிருக்கிறார், யானைவெடியைக் கொளுத்திக்கொண்டு நேரே அதன் பக்கமாகவே நடந்திருக்கிறார். முற்றாய்ச் செவிடாய் இருந்த காலத்தில் அவர் கொட்டிலை விட்டு இறங்குவதேயில்லை. கேட்கத் தொடங்கியபிறகுதான் எங்களுக்குப் பயம் கூடியது.

பூநகரிக்காரி

வாத்தியார் ஐயா, கோபிக்கக் கூடாது. "வயது போனபின் வைத்தாலும் பிடித்துக்கொள்ளலாம்" என்று எல்லாருக்கும் பொதுவாய் எழுதாதேங்கோ. அதை வாசித்துவிட்டு, பிறகு பார்ப்போம் என்று இருக்கிற வீடுகள் உண்டு. எங்கள் வீடு அப்படித்தான் இருந்தது.

அம்மாவுக்கு மூளைக்காய்ச்சலில் இரண்டு காதும் போனது. கெதியாய் வாருங்கள் என்று டொக்டர் சொன்னார். அந்த வியாதிக்குப் பிறகு நத்தைக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடுமாம், பிறகு கம்பி உள்ளே போகாதாம். அம்மா, "ஆவணியில சின்னவளின்ர கலியாணம் முடியட்டும், தலையை வழிச்சுக்கொண்டு மணவறையடியில நிக்கேலாது" என்றா. நாங்களும் சரி என்றோம். கலியாணச் செலவு வேறு. முழுத் தலையும் வழிக்க மாட்டார்கள், காதுக்குப் பின்னால் கொஞ்சம்தான் என்பதை ஒருவரும் கேட்டு அறியவில்லை.

தாலி கட்டும்போது அம்மா மேளகாரரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றா. கை வேகமாய் அடிக்கத் தொடங்கியதும் அறுகரிசியைப் போட்டா. சரியான நேரத்துக்குப் போட்டா, பிசகவில்லை.

அதுக்குப் பிறகு போனோம். டொக்டர் துண்டில் நத்தை ஒன்றை வரைந்து, பென்சிலால் உள்பக்கத்தை நிரப்பிக் காட்டினார். அம்மா அந்தத் துண்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்தா. இன்னும் வைத்திருக்கிறா.

ஓய்வு வாத்தியார், வவுனியா

பிள்ளை, நீர் சொன்னது சரி. மூளைக்காய்ச்சல் என்றால் பிந்தக் கூடாது, நான் அதைச் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். அடைபட்டாலும் சிலருக்குத் துளைத்துப் பாதி மின்வாய்களையாவது வைக்கிறார்கள், இன்னொரு டொக்டரிடமும் ஸ்கானைக் காட்டினால் என்ன...

பூநகரிக்காரி

காட்டினோம் ஐயா. அம்மா போதும் என்றுட்டா.

முத்தையன்கட்டு மகள்

எல்லாருக்கும் நன்றி. வாத்தியார் ஐயா, என் சின்ன வயதுக் குரல் எதிலாவது பதிவாய் இருந்தால் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். இல்லை. மாமிக்கு அனுப்பக் கதைத்துப் பதிந்த கசற்றுகளை இரணைப்பாலையில் விட்டுவிட்டு வந்தோம்.

போன கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். நான் முல்லைத்தீவில் கடையில் நின்றுகொண்டு, கோழித்தீன் எத்தனை கிலோ என்று கேட்க அப்பாவின் போனுக்கு எடுத்தேன். போனில் கதைப்பது அவருக்கு இன்னும் கஷ்டம். கண்ணாடி போடாமல் எடுத்திருக்கிறார், பேரைப் பார்க்கவில்லை. "ஹலோ" என்றேன். நாலைந்து விநாடி சத்தமில்லை. பிறகு, "தங்கச்சியோ? கனடாவில இப்ப சாமம் எல்லே, நித்திரை கொள்ளேல்லையோ?" என்றார்.

எனக்கு மாமியின் குரல் என்று எங்கள் சொந்தத்தில் பலர் சொல்லுவார்கள். கருவி பிழையாய்க் கேட்டதா, சரியாய்க் கேட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"ஓம் அண்ணை, நித்திரை வரேல்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன். கோழித்தீன் பத்துக் கிலோ கட்டச் சொன்னேன். வீட்டுக்குப் போனபோது அப்பா அம்மாவிடம், "தங்கச்சி இண்டைக்கு நல்ல தெளிவாய்க் கதைச்சாள், ஒரு சொல்லும் விடாமல் விளங்கினது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.