பேய்க்காதல் கதையில் அம்மாவுக்குச் சாபம் கொடுக்கலாமா?

கரிக்கோல்:
இளையோர் நாவல் வரைவு. 82,000 சொல், 32 அத்தியாயம். கயலுக்கு 17 வயது. அவளுடைய 9 வயதில் அம்மா வீட்டை விட்டுப் போனவள், எட்டு வருஷமாகப் பேச்சில்லை. கயல் காதலிக்கும் ஆதன் ஓர் ஆவி. 18 வயதில் செத்து, நாற்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கிறான். 26ஆம் அத்தியாயத்தில் ரகசியம் உடைகிறது: அம்மாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் மகள் சாவாள் என்று ஒரு சாபம், அதனால்தான் போனாள். கயல் அழுது மன்னிக்கிறாள். மன்னித்ததும் ஆதனுக்கு விடுதலை. கட்டுமானம் இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் 26 சப்பென்று போகிறது. எங்கே இடிக்கிறது?

மையொற்றி:
சாபத்துலதான் இடிக்குது. மகளைக் காப்பாத்தத்தான் போனான்னா அம்மா மேல குத்தமே இல்லையே, கயல் எதை மன்னிக்கிறா? தப்பா நினைச்சிருந்தது தெளிஞ்சிடுச்சு, அவ்வளவுதான். "பொறுத்தல் இறப்பினை என்றும்"னு குறள் சொல்ற இடத்துல இறப்புன்னா எல்லை மீறிச் செஞ்ச தீங்கு (பேய்க்கதைக்காரங்க சாவுன்னு படிச்சுடாதீங்க). தீங்கு இருந்தாத்தானே பொறுக்க முடியும்? சாபத்தைத் தூக்க வேண்டாம், ஆயுளைக் குறைங்க. முதல் வருஷம் சாபம். அது தீர்ந்த பிறகும் வராம இருந்த ஏழு வருஷம் அம்மாவோட முடிவு: பயம், வெட்கம், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளினது. அந்த ஏழைத்தான் கயல் மன்னிக்கணும்.

நள்ளிரவு வாசகி:
ஒத்துக்க மாட்டேன். இந்த வகைக் கதையை எடுக்கிறவங்க அமானுஷ்யத்துக்காகத்தான் எடுக்கிறாங்க. அம்மா போனதுக்கும் ஆவி உலகத்துக்கும் தொடர்பை அறுத்துட்டா ரெண்டு நாவலை ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிடும். இன்னொண்ணு, இடம். அம்மா கதைக்கு 30,000 சொல் கொடுத்தீங்கன்னா காதல் ஓரத்துக்குப் போயிடும். காதல் நடுவுல இல்லாம, முடிவுல நம்பிக்கை இல்லாம இருந்தா அது காதல் நாவலே இல்ல, குடும்ப நாவல். "அம்மாவுக்கு என் மேல பாசம் இருந்துச்சு"ங்கிற ஆறுதலைத் தேடி வர்ற 14 வயசு வாசகிகிட்ட போய் ஏழு வருஷம் அம்மாவுக்கு வெட்கம்னு சொல்வீங்களா?

மையொற்றி:
சொல்வேன், அந்த வயசுக்குப் புரியும். 30,000 எதுக்கு? நாலு காட்சி, தலா 2,000 சொல், மொத்தம் 8,000. முதல் காட்சி 10,000 சொல்லுக்குள்ள வந்துடணும், அம்மா நேர்ல வராமலேயே: கயல் போன்ல அந்த நம்பர் பேரில்லாம இருக்கு, ஆனா அழிக்கல. ரெண்டாவது, சந்திப்பு; அம்மா விளக்கம் மேல விளக்கமா கொட்டிக் கெடுத்துக்கணும். மூணாவதுலதான் ஒழுங்கான மன்னிப்பு கேக்கிறா. இங்கதான் எல்லாரும் சறுக்குறது.

"நான் போனது தப்புதான் கயல். ஆனா அந்தச் சாபம்…"

அந்த "ஆனா" வந்ததுமே மன்னிப்பு வாதமா மாறிடுது. அதுக்கப்புறம் வர்றதை வெட்டிட்டு இப்படி வைங்க:

"முதல் வருஷம் நான் வர முடியாது. ரெண்டாவது வருஷம் வந்திருக்கலாம். வரல."

இதுக்குக் கயல் பதிலே சொல்ல வேண்டாம். எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினா போதும். நாலாவது காட்சி கடைசி அத்தியாயத்துக்கு. எவரெட் வொர்த்திங்டன்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் மன்னிப்பை ரெண்டாப் பிரிக்கிறார்: மன்னிக்கிறதா முடிவெடுக்கிறது ஒண்ணு, மனசு அதுக்கு ஒத்து வர்றது இன்னொண்ணு. முடிவு ஒரு ராத்திரியில வரலாம், மனசு இழுத்தடிக்கும். ரெண்டையும் ஒரே அத்தியாயத்துல முடிச்சதாலதான் 26 சப்புன்னு இருக்கு.

படிதாண்டி:
நடுவில் நுழைகிறேன். அம்மாவைவிட ஆதன்தான் எனக்கு உறுத்துகிறான். கயல் மன்னித்தால்தான் அவனுக்கு விடுதலை என்றால் அது பிணைத்தொகை. காதலனுக்காக அம்மாவை மன்னிக்கும் பெண்ணை வாசகர் நம்ப மாட்டார். மன்னிப்பதும் திரும்பச் சேர்ந்து வாழ்வதும் வேறு வேறு என்று மன்னிப்பை ஆராய்ந்த ராபர்ட் என்ரைட் திரும்பத் திரும்பச் சொல்கிறார். உங்கள் விதி இரண்டையும் ஒரே முடிச்சில் போடுகிறது. ஆவிக்கான விதியை மன்னிப்பிலிருந்து அவிழ்த்து, மறைத்த உண்மையைச் சொல்வதில் கட்டுங்கள். 5ஆம் அத்தியாயத்துக்குள் விதி தெரிந்துவிட வேண்டும். பெரிய முடிச்சுக்கு முன் சின்ன விஷயத்தில் இரண்டு முறை அது வேலை செய்வதைக் காட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 26இல் ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது போல் இருக்கும்.

அதோடு, நாற்பது வருஷமாக அதே வீட்டில் இருக்கும் ஆவி, கயலை 9 வயதுக் குழந்தையாகவும் பார்த்திருக்கிறான். 17இல் காதல் என்றால் இளம் வாசகிகளே முகம் சுளிப்பார்கள்.

நள்ளிரவு வாசகி:
அந்தக் கடைசிப் புள்ளி சரியான அடி. அப்போ ஆதனை வயசு குறைச்சுடலாம். பக்கத்து வீட்டுப் பையன். அம்மா போன ராத்திரி அவனுக்கு 10, கயலுக்கு 9. போன வருஷம்தான் செத்தான், 17 வயசுல. இப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. கயலோட அடுத்த பிறந்தநாளுக்கு அவ அவனைவிடப் பெரியவ, அவன் 17லயே நின்னுடுவான். விடியறதுக்குள்ள மன்னிக்கணும்ங்கிற மாதிரி செயற்கைக் கெடு வைக்கிறதைவிட இது நல்ல கெடு.

தொடர்பும் கிடைக்குது பாருங்க: போகும்போது அம்மா அவன் கையில ஒரு கடிதம் கொடுக்கிறா. பயந்துபோய் அவன் கொடுக்கவே இல்ல. அவன் மறைச்ச உண்மை அதுதான். சாபமே வேண்டாம்!

மையொற்றி:
சாபம் வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்திருக்கு! கடிதம் போய்ச் சேரலைன்னா அம்மா மறுபடியும் நிரபராதி, தப்பு பத்து வயசுப் பையன் தலையில. எட்டு வருஷத்துல ஒரே கடிதம், அதையும் ஒரு குழந்தை கையில கொடுத்துட்டுப் போனவ. அதைக் கயல் வாயால கேக்க வைக்கலைன்னா திரும்ப அதே குழிதான்.

நள்ளிரவு வாசகி:
கேக்கட்டும், தாராளமா. ஆனா கயல் இப்போ ரெண்டு பேரை மன்னிக்கணும். ஆதனை ஒரு பக்கத்துல மன்னிச்சுட்டு அம்மாவை 32 அத்தியாயம் நிக்க வெச்சா வாசகர் பிடிச்சுடுவாங்க. அதனால அவன் பொய் 14ஆம் அத்தியாயத்துலயே வெளிய வரட்டும். நாலு அத்தியாயமாவது அவ அவன்கிட்ட பேசக் கூடாது. காதல் நாவலுக்கு வேண்டிய பிரிவு அதுலயே வந்துடுது, 8,000 சொல் அம்மாவுக்கு ஒதுக்கினாலும் வலிக்காது.

கரிக்கோல்:
சாபத்தை எடுத்துவிடுகிறேன். ஆதன் பக்கத்து வீட்டுப் பையன், 14இல் ஒப்புக்கொள்கிறான். "வர முடியாத முதல் வருஷம்" இருக்கட்டும், அதற்குச் சாதாரணக் காரணம் ஒன்று கொடுக்கிறேன். கடிதம் சின்னதாக: "சீக்கிரம் வந்துவிடுவேன்" என்று மட்டும்.

படிதாண்டி:
"சீக்கிரம்" வேண்டாம், அதில் அம்மா நழுவிவிடுவாள். ஒரு தேதி போடுங்கள், அந்த முதல் வருஷம் முடிந்ததற்கு அப்புறமான தேதியாக. கயல் கடிதத்தைப் பிரிக்கும்போது அந்தத் தேதி போய் ஏழு வருஷம் ஆகியிருக்கட்டும். கடிதம் கையில் கிடைத்திருந்தாலும் அவள் வரவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.