‘செக்யூரிட்டி டைலமா’: பாதுகாப்புச் சிக்கலா, அரண்முரணா?

அன்புள்ள குழுவினருக்கு,

‘செக்யூரிட்டி டைலமா’வுக்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘பாதுகாப்புச் சிக்கல்’ என்று இருக்கிறது. அதை மாற்றியாக வேண்டும். எல்லையில் ஊடுருவல், கணினியில் ஓட்டை, விமான நிலையச் சோதனையில் கோட்டை விட்டது, எல்லாமே செய்தித்தாளில் பாதுகாப்புச் சிக்கல்தான். அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950இல் இந்தப் பெயரில் சொன்னது வேறு. தாக்கும் எண்ணமே இல்லாத நாடு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு, பக்கத்து நாட்டுக்கு மிரட்டலாகப் படுகிறது. அதுவும் ஆயுதம் சேர்க்கிறது. கடைசியில் இருவருமே முன்பைவிட ஆபத்தில் இருக்கிறார்கள்.

என் முன்மொழிவு: அரண்முரண். திருக்குறளில் அரண் அதிகாரத்தின் முதல் குறளே, படையெடுப்பவர்க்கும் அரண் வேண்டும், அஞ்சித் தற்காப்பவர்க்கும் வேண்டும் என்கிறது. எதற்காகக் கட்டினார்கள் என்று எதிரே நிற்பவருக்கு எப்படித் தெரியும்? கருத்தின் பாதி அந்தச் சொல்லிலேயே கிடக்கிறது.

---

> என் முன்மொழிவு: அரண்முரண்.

ஓசை நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் டைலமா என்பது முரண் இல்லையே. எந்தப் பக்கம் போனாலும் கேடு என்ற இக்கட்டு. ஆயுதம் சேர்த்தால் போட்டி, சேர்க்காவிட்டால் அச்சம். ‘காப்பு இக்கட்டு’ என்று நேராகச் சொல்லிவிடலாமே? அரண் என்றால் கோட்டைச் சுவர்தான் கண்முன் வருகிறது. ஏவுகணைக் காலத்துக்கு ஒட்டுமா?

---

> ஏவுகணைக் காலத்துக்கு ஒட்டுமா?

ஏவுகணைக்குத்தான் கச்சிதமாக ஒட்டுகிறது. 1972இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஓர் உடன்படிக்கையில் கட்டுப்படுத்தியது கேடயத்தை, வாளை அல்ல. வரும் ஏவுகணைகளை வானிலேயே மறிக்கும் அமைப்பு ஆளுக்கு 2 இடங்களில் மட்டும், ஓர் இடத்துக்கு 100 மறிப்பு ஏவுகணைகளுக்கு மேல் கூடாது. 1974இல் அதையும் ஓர் இடமாகச் சுருக்கினார்கள். காரணம் எளிது: முழுக் கேடயம் உள்ளவர் முதல் அடியைக் கொடுத்துவிட்டு, மிஞ்சி வரும் பதிலடியைத் தடுத்துக்கொள்ளலாம். அந்தப் பயத்தில் எதிர்த்தரப்பு குண்டுமுனைகளைக் கூட்டிக்கொண்டே போகும். அரணே முரணானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

நம் பக்கத்தில் பாருங்கள். அணுப்போராக முற்றாத அளவில், விரைந்து எல்லைக்குள் நுழையும் ‘கோல்ட் ஸ்டார்ட்’ திட்டம் 2004 முதல் இந்தியாவில் பேசப்பட்டது. அதற்குப் பதிலாகப் பாகிஸ்தான் 2011இல், அணுகுண்டு சுமந்து 60 கி.மீ. பாயும் நஸ்ர் ஏவுகணையைச் சோதித்தது. இருவரும் தத்தம் செயலைத் தடுப்பு என்றே சொன்னார்கள். குறுந்தூர ஏவுகணையை எல்லைக்கு அருகே கொண்டுவந்தால்தான் பயன். அருகே வந்தால், எதிரி கையில் சிக்குமுன் ஏவிவிடலாமா என்ற அவசரமும் கூடவே வரும்.

‘இக்கட்டு’ சரியான சொல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘காப்பு’ என்றதும் பாதிப் பேருக்கு வளையலும் மீதிப் பேருக்குக் கைவிலங்கும் நினைவுக்கு வரும்.

ஓர் எச்சரிக்கை: எல்லா ஆயுதப் போட்டியையும் அரண்முரண் என்றுவிடக் கூடாது. ஒருவர் உண்மையிலேயே நிலத்தைப் பிடிக்க நினைத்தால் அங்கே முரண் இல்லை, வெறும் பேராசைதான். நம்பிக்கை ஊட்டும் மருந்து அங்கே வேலை செய்யாது. அரசியல் அறிஞர் ராபர்ட் ஜெர்விஸ் இந்தக் கருத்தில் 1978இல் சேர்த்ததையும் விளக்கத்தில் கொண்டுவர வேண்டும்: தாக்கும் ஆயுதத்தையும் காக்கும் ஆயுதத்தையும் பிரித்தறிய முடியாதபோதும், தாக்குபவர் கை ஓங்கியிருக்கும்போதும் முரண் முற்றுகிறது.

---

அரண்முரணுக்கே என் வாக்கும். அப்படியானால் ‘அரண்முரண் தணிப்பு’ என்று அடுத்த பதிவும் வேண்டும், அதில் முன்னறிவிப்பையும் சரிபார்ப்பையும் கலக்கக் கூடாது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று அணுநிலையப் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. 2005 ஒப்பந்தப்படி பாலிஸ்டிக் ஏவுகணை (உயரே எறியப்பட்டு வளைபாதையில் விழுவது) சோதனைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே தகவல் தர வேண்டும். விமானம்போலப் பறந்து செல்லும் குரூஸ் ஏவுகணை அதில் வராது. இரண்டும் முன்னறிவிப்பு வகை: சொன்னதை நம்ப வேண்டியதுதான். பிரேசிலும் அர்ஜென்டினாவும் 1991இல் கூட்டு முகமை அமைத்து, இவர் அணுநிலையத்தை அவர் ஆய்வாளர்கள் போய்ப் பார்க்க வழி செய்தன. அதுதான் சரிபார்ப்பு. ‘நம்பிக்கை வளர்ப்பு நடவடிக்கை’ என்ற ஒரே பையில் இரண்டையும் போட்டு, பிறகு ஏன் நம்பிக்கை வளரவில்லை என்று கேட்கிறோம்.

பதிவு இப்படி இருக்கட்டும்:

அரண்முரண் (பெயர்ச்சொல்): தாக்கும் நோக்கமின்றி ஒரு நாடு செய்யும் தற்காப்பு மற்ற நாட்டை அச்சுறுத்தி, பதில் ஆயுதச் சேர்ப்பைத் தூண்டி, இரண்டின் பாதுகாப்பையும் குறைக்கும் நிலை.

‘மட்குடம்’ போல ‘அரண்முரட்சூழல்’ என்று யாரும் புணர்த்தி வைக்க வேண்டாம். ‘அரண்முரண் சூழல்’ என்றே விடுங்கள். தேடினால் அகப்பட வேண்டும்.