முதன்முதலாக மாற்றிக் கட்டிய கிட்: தமு சாலையின் லீ டாங்கி

பிளாஸ்டிக் மாடல் கிட் பெட்டியில் வருவதை அப்படியே ஒட்டி, பெயின்ட் அடித்து, அலமாரியில் வைக்கிற ஆளாகத்தான் ரொம்ப நாள் இருந்தேன். வெட்டி, புதிதாகப் பாகம் செய்து, ஒரு வண்டியை வேறொரு வண்டியாக மாற்ற முதன்முதலாக இறங்கியது எம்3 லீ டாங்கியில். அகாடமி நிறுவனத்தின் 1/35 கிட், அதாவது நிஜ வண்டியில் 35-இல் ஒரு பங்கு அளவு. பெட்டியில் இருப்பது அமெரிக்கப் படை வண்டி. எனக்கு வேண்டியதோ 1944-இல் ஜப்பானியருக்கு எதிராக இம்பால் போரில் நின்ற பிரிட்டிஷ் படை வண்டி.

ஏன் அது என்றால், தமு என்ற பர்மா எல்லை ஊரின் பெயர் எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்துகொண்டிருந்தது. தாத்தாவின் அண்ணன் 1942-இல் பர்மாவிலிருந்து தமு, பலேல் வழியாக நடந்தே இம்பால் வந்து சேர்ந்தவர். உறவில் இன்னொரு குடும்பம் அறுபதுகளில் பர்மாவை விட்டு வெளியேறி, எல்லைக்கு இந்தப் பக்கம், மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டது. தமிழர்கள் கட்டிய அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிற அதே மோரே. அங்கிருந்து தமு கூப்பிடு தூரம்தான். 1944 மார்ச் 20-ஆம் தேதி அந்தத் தமு பக்கத்தில் பிரிட்டிஷ் படையின் 3-வது கரபினியர்ஸ் ரெஜிமென்ட்டின் 6 லீ டாங்கிகளும் ஜப்பானின் 6 டைப் 95 ஹா-கோ டாங்கிகளும் மோதின. ஹா-கோவின் கவசம் அதிகபட்சம் 12 மி.மீ. லீயின் முன்பக்கம் 51 மி.மீ. ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் காலாவதியாகிவிட்ட லீ, இங்கே ராஜா. இதைப் படித்த அன்றே எந்த வண்டியைக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது.

இந்தத் துறையில் எனக்கு மூத்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். என்னென்ன மாற்றப் போகிறேன் என்று உற்சாகமாகச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "எந்த வண்டி தம்பி? எந்த மாசம்? முதல்ல ஒரு படத்தை எடுத்து வை, அப்புறம் கத்தியை எடு" என்றார். மாற்றிக் கட்டுவதில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் இதுதான். கையில் படம் இல்லையென்றால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவதையெல்லாம் வண்டியில் ஏற்றிவிடுவோம்.

எனக்கு அப்படி ஆசை இருந்தது கம்பி வலையின் மேல். பர்மாவில் ஜப்பானியக் காலாட்படை ஆட்கள் வெடியோடு டாங்கி மேலேயே ஏறிவிடுவார்கள் என்பதால், என்ஜின் மூடிக்கும் ஆட்கள் ஏறி இறங்கும் ஹேட்ச்களுக்கும் மேலே வலை அடித்து வைத்தார்கள். பார்க்கவே மிரட்டலாக இருக்கும். ஸ்டீல் டீ வடிகட்டியின் வலை 1/35-க்குச் சரியான அளவு என்று கண்டுபிடித்து வாங்கியும் வைத்திருந்தேன். ஆனால் நான் சேர்த்த படங்களில் வலை தெரிந்ததெல்லாம் 1945-இல், ஐராவதியைத் தாண்டி மண்டலை பக்கம் போன வண்டிகளில். என் வண்டி 1944. வலையை எடுத்து வைத்துவிட்டேன். மனசு கொஞ்சம் வலித்தது.

படத்தில் தெளிவாகத் தெரிந்த மாற்றம் வேறு. லீயின் டரட், அதாவது சுழலும் பீரங்கிக் கூண்டின் உச்சியில் இயந்திரத் துப்பாக்கியோடு குப்போலா என்ற ஒரு குட்டிக் கூண்டு உட்கார்ந்திருக்கும். அதையும் சேர்த்தால் வண்டியின் உயரம் 3 மீட்டருக்கு மேல். பர்மா முனையில் பல வண்டிகளில் அதைக் கழற்றிவிட்டு, தட்டையாக இரண்டு கதவு ஹேட்ச் வைத்தார்கள். இதைத்தான் நான் செய்ய வேண்டியிருந்தது.

குப்போலாவை ஒட்டாமல் விட்டால் டரட் மேல் ஒரு பெரிய ஓட்டை நிற்கும். அதன் விட்டத்துக்குக் கவராயத்தால் அரை மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டில் கோடு போட்டு வளையம் வெட்டினேன். கத்தியை ஒரே அழுத்தாக அழுத்தக் கூடாது. கோட்டின் மேலேயே மெதுவாகப் பல தடவை ஓட்டினால், கடைசியில் லேசாக வளைத்தாலே உடைந்து வந்துவிடும். கதவுகளுக்கும் அதே ஷீட். 1/35-இல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் 35 மி.மீ. அரை மி.மீ. ஷீட் பதினேழு, பதினெட்டு மி.மீ. இரும்பாகத் தெரியும், கூரைத் தகட்டுக்கு அது போதும். கீல் செய்ய ஸ்ப்ரூவை (கிட்டில் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே பிடித்து, பளபளவென்று ஆனதும் வெளியே எடுத்து இழுத்தால் சேமியா மாதிரி நீளும். பிடித்த தடிமனில் நறுக்கிக்கொள்ளலாம். காசே செலவில்லை.

அப்புறம் ரிவெட், கவசத் தகடுகளை இணைக்கும் குமிழ்த் தலை ஆணி. லீயை ரிவெட் டாங்கி என்றே சொல்லலாம், உடம்பு முழுக்கக் குமிழ். அடி விழுந்தால் ரிவெட்டின் தண்டு தெறித்து உள்ளே இருப்பவர்களைக் காயப்படுத்தும் என்பது அந்த வடிவமைப்பின் பேர்போன பலவீனம். மாடல் கட்டுகிறவருக்கு அது வேறு மாதிரி வேலை வைக்கிறது: இணைப்புக் கோட்டைத் தேய்த்துச் சரிசெய்யும் இடத்திலெல்லாம் நாலைந்து ரிவெட் மறைந்துவிடும். புது பிளேடால், வேண்டாத ஒரு பழைய பாகத்திலிருந்து தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். சீவிய ரிவெட் நகத்தில் ஒட்டினால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஈரமான பிரஷ் நுனியில் தொட்டு எடுத்து, பென்சிலில் முன்பே குறித்த புள்ளியில் வைத்து, பக்கத்தில் லிக்விட் சிமென்ட்டை ஒரு துளி தொட்டால் அதுவே உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். மின்விசிறியை அணைத்துவிட்டு உட்காருங்கள். சென்னை மே மாதத்தில் அது ஒரு தவம், ஆனால் பிரைமர் என்ற முதல் பூச்சு அடித்த பிறகு பழைய ரிவெட் எது, புதிது எது என்று எனக்கே தெரியவில்லை. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

வண்டியின் மேல் கட்டித் தொங்கவிடும் சாமான்கள் விஷயத்தில் ஒன்றே ஒன்று சொல்கிறேன், சாகல். இந்திய ராணுவ வண்டிகளில் தொங்கும் கான்வாஸ் தண்ணீர்ப் பை. துணி வழியாக நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்துவிடும், நம் மண்பானை வேலை செய்கிற அதே விதம். எம்-சீலைப் பிசைந்து, பாதி இறுகியதும் சப்பையாகத் தட்டி, அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் புடைக்க விட்டேன். உள்ளே தண்ணீர் இருந்தால் அப்படித்தான் தொங்கும். ஓரத் தையலை ஊசியால் கோடாக இழுத்தேன். நெசவு தெரிய வேண்டும் என்று துணியை வைத்து அழுத்த வேண்டாம், இந்த அளவில் அது சாக்கு மாதிரி ஆகிவிடும். பெயின்ட்டில் மேல் பாதி வெளிறிய காக்கி, கீழ்ப் பாதி அதே நிறத்தில் இரண்டு ஷேடு கறுப்பாக, லேசான மினுமினுப்போடு. பைக்கு நேர் கீழே, புழுதி படிந்த கவசத்தில் ஈரம் வழிந்த தடம் ஒன்று. யார் பார்த்தாலும் முதலில் அந்த இடத்தில்தான் விரலை வைக்கிறார்கள்.

தார்ப்பாய்க்கு டிஷ்யூ பேப்பரில் ஃபெவிகாலைத் தண்ணீர் விட்டுக் கலந்து நனைத்து மடித்தேன். வேறு எதுவும் அவ்வளவு மெல்லிசாக வராது.

நிறம் அடர்ந்த பச்சை. நேராகப் புட்டியிலிருந்து அடித்தால் மாடல் கறுத்துப்போகும் என்பதால் கொஞ்சம் மஞ்சளும் பழுப்பும் கலந்து வெளிற வைத்தேன். எங்கள் ஊர் ஈரக் காற்றில் லேக்கர் கிளியர் என்ற நிறமற்ற மேல்பூச்சு அடித்தால் வெள்ளை பூக்கும், அதனால் மழை நாட்களில் பெயின்ட் தெளிக்கும் கம்ப்ரஸரைத் தொடவே இல்லை. புழுதிக்கு மட்டும் மோரே உறவினரிடம் கேட்டேன். பலேல் சாலையில் மலையை வெட்டிய இடத்தை மழைக்கு முன்னும் பின்னும் மொபைலில் படமெடுத்து அனுப்பினார் சித்தப்பா. காய்ந்தபோது சாம்பல் கலந்த காவி, நனைந்தபோது செங்கல் பழுப்பு. சாக் பேஸ்டலைத் தேய்த்து இரண்டையும் கலந்தேன்: மேல் தகடுகளில் காய்ந்தது, சக்கரங்களுக்கு நடுவே நனைந்தது. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் ஐரோப்பியப் புழுதி நிறம் இந்த வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது. வண்டி எண் படத்தில் சரியாகத் தெரியவில்லை. நானாக ஒன்றைப் போட எனக்கு மனம் வரவில்லை, அந்த இடத்தில் புழுதியை அடர்த்தியாக ஏற்றிவிட்டேன்.

கமாண்டர் உருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1944 ஏப்ரல் 13-இல் இம்பால் பக்கத்து நுன்ஷிகும் குன்றின் மேல் இதே ரெஜிமென்ட்டின் லீ டாங்கிகள் ஏறின. கத்தி முனை போன்ற முகடு. உள்ளே இருந்தபடி வழி தெரியாது. கமாண்டர்கள் தலையை வெளியே நீட்டித்தான் டிரைவருக்கு வழி சொன்னார்கள், அப்படியே சுடப்பட்டார்கள். அந்த ஸ்குவாட்ரனில் அதிகாரிகள் எல்லாருமே செத்தோ காயப்பட்டோ போக, சார்ஜென்ட் மேஜர் கிராடாக் பொறுப்பேற்று, இந்தியக் காலாட்படையின் டோக்ரா வீரர்களோடு சேர்ந்து குன்றைப் பிடித்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு கிட்டோடு வந்த, நிமிர்ந்து போஸ் கொடுக்கும் உருவத்தை வைக்க முடியவில்லை. இடுப்பை அறுத்து, கழுத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வரை ஹேட்ச்சுக்குள் இறக்கினேன். ஹெல்மெட்டும் கண்களும்தான் வெளியே தெரியும். நானே செய்த ஹேட்ச் கதவுகள் அவர் தலைக்கு இரண்டு பக்கமும் நிற்பதால் அளவும் தானாகவே சரியாக அமைந்தது.

அடுத்து எடுத்து வைத்திருப்பது ஸ்டூவர்ட் என்ற இலகு ரக டாங்கி. இம்பாலில் 7-வது லைட் கேவல்ரி ஓட்டியது அதைத்தான், பழைய மெட்ராஸ் குதிரைப்படையின் வாரிசு ரெஜிமென்ட் அது. அதன் வண்டிகளைப் பின்பக்கமிருந்து எடுத்த, என்ஜின் மூடியும் சாமான் கட்டிய விதமும் தெரிகிற படம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முன்பக்கப் படங்கள் போதுமான அளவு கையில் இருக்கின்றன. பின்பக்கம் கிடைக்கும் வரை கத்தியை எடுப்பதாக இல்லை.