பாபநாசம் படித்துறைத் தண்ணி குளிர்ச்சி: அளந்து சொல்ல ஆள் வேணும்

பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிற அண்ணாச்சிமாரே, அக்காமாரே, தாமிரபரணியில குளிக்க வர்றவங்களுக்காக மாசவாரியாத் தண்ணியோட வெப்பநிலையைப் பட்டியல் போடுறோம். உங்க உதவி வேணும்.

ஆத்துக்கு மேல இருக்கிற பாபநாசம் அணையில இருந்துதான் படித்துறைக்குத் தண்ணி வருது. கோடையில அணையோட மேல்தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், சில மீட்டர் கீழ சில்லுன்னு கிடக்கும். மதகு ஆழத்துல இருந்தா வெளிய வர்றது அந்தக் குளிர்ந்த தண்ணிதான். வேர்த்த உடம்போட அதுல குதிச்சா மூச்சு தானா வெட்டி இழுக்கும். அந்த நேரம் தலை தண்ணிக்குள்ள இருந்தா நல்லா நீந்துறவங்களும் தண்ணி குடிச்சிருவாங்க. அதனால கால், கை, முகம்னு நனைச்சு மெதுவா இறங்கணும்.

காய்ச்சல் தெர்மாமீட்டர் ஆகாது, பெரும்பாலும் 32-35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ காட்டாது. மீன்தொட்டித் தெர்மாமீட்டர் போதும். ஒரு லிட்டர் பாட்டிலை முழங்கை ஆழத்துல முக்கி நிரப்பி, நிழல்ல வச்சு, உள்ள தெர்மாமீட்டரை விட்டு 2 நிமிஷம் கழிச்சுப் பாருங்க. வெளிய எடுத்துப் பார்த்தா ஈரம் காயும்போது அளவு இறங்கிரும். காலையில 6 மணி, மதியம் 3 மணி, ரெண்டு தடவை.

மின் உற்பத்திக்குத் தண்ணி விடும்போது எத்தனை படி முங்குது, எவ்வளவு நேரத்துலன்னும் எழுதுங்க. திடீர்னு ஏறுற தண்ணி குளிர்ச்சியை விட ஆபத்து. அணைக்குள்ள இறங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்துல அளக்கவே போகாதீங்க.