மர விலை ஏறினால் யார் தலையில்? கான்ட்ராக்டில் ஒரு வரி

புதுமனை:
சுவர், கூரை எல்லாமே மரச்சட்டத்தில் நிற்கிற வீடு. கொட்டேஷன் வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: "மர விலை உயர்ந்தால் வித்தியாசத் தொகையை உரிமையாளர் செலுத்த வேண்டும்." கையெழுத்துப் போடலாமா? கடன் ஒரு தொகைக்குத்தான் பாஸ் ஆகியிருக்கிறது. பாதியில் போய் இன்னும் கொடு என்று கேட்க முடியாது.

கணக்கர்:
போடாதீங்க. மொத்தத் தொகை பேசி வேலை எடுத்தாலே விலை ரிஸ்க் கான்ட்ராக்டருடையதுதான். அதற்கும் சேர்த்துத்தான் லாபம் வைத்திருப்பார். ஏறினால் நீங்க கட்டணும், இறங்கினால் அவர் பைக்குள் போகணும் என்றால் அதுக்கு எதுக்கு ஒப்பந்தம்?

உளிச்சத்தம்:
நான் வேலை எடுத்துச் செய்கிறவன், என் பக்கத்தையும் கேளுங்க. 2020-ல் கொரோனா வந்ததும் இனி யார் வீடு கட்டப்போறாங்கன்னு வட அமெரிக்க மரம் அறுக்கிற மில்கள் உற்பத்தியைக் குறைச்சாங்க. நடந்தது தலைகீழ். வட்டி இறங்கிச்சு, வீடு வாங்கவும் இருக்கிற வீட்டைப் புதுப்பிக்கவும் கூட்டம் கிளம்பிருச்சு. 2020 ஏப்ரலில் ஆயிரம் போர்டு அடி (கணக்குக்கு 83 கன அடி) 300 டாலருக்கும் கீழே போன சிகாகோ முன்பேரச் சந்தை (பின்னாடி எடுக்கப்போற சரக்குக்கு இன்னைக்கே விலை பேசுற இடம்) விலை, 2021 மே மாசம் 1,600-ஐத் தாண்டிச்சு. அந்த ஏப்ரலில் கையெழுத்துப் போட்டு அடுத்த வருஷம் மே மாசம் கூரை ஏத்தினவன் கதி என்ன? அஞ்சு மடங்கைத் தாங்குற லாபம் எந்தக் கான்ட்ராக்டர்கிட்டயும் கிடையாது. வேலையைப் பாதியில் விட்டுட்டு ஓடினா நஷ்டம் உங்களுக்கும்தான்.

கணக்கர்:
அதே வருஷம் ஆகஸ்டில் 500-க்கு இறங்கியதையும் சொல்லுங்க சார். அப்போ யாருக்காவது பணம் திரும்பி வந்ததா?

உளிச்சத்தம்:
முன்பேரச் சந்தைத் திரையில் இறங்கினதும் கடையில் இறங்கிடாது. கடைக்காரர் ஏத்த விலைக்கு வாங்கின சரக்கை வித்துத் தீர்த்துட்டுத்தான் குறைப்பார். அதுக்குள்ள 2022 ஆரம்பத்தில் மறுபடி 1,300-க்கு மேல போயிருச்சு.

கணக்கர்:
ஏறும்போது மட்டும் அன்னைக்கே கடையிலும் ஏறிடுமாக்கும்.

மரவாடி:
ஏறும், அதுதான் உண்மை. நாளைக்கு அந்த விலைக்குத்தானே நாங்க மறுபடி வாங்கணும்!

ஆனா இந்தச் சண்டையில் ரெண்டு பேருமே அளவை விட்டுட்டீங்க. 9 அடிச் சுவருக்கு 10 அடிச் சட்டம் வாங்கினா ஒவ்வொண்ணிலும் ஏறக்குறைய ஒரு அடித் துண்டு குப்பைக்குப் போகும். அந்த உயரத்துக்கே அறுத்த சட்டம் சந்தையில் இருக்கு. கொட்டேஷனில் அதைப் போட்டுட்டு, கிடைக்கலைன்னு 10 அடியை இறக்கி, பில்லில் "விலை உயர்வு"ன்னு எழுதினதை நானே பார்த்திருக்கேன். அது விலை இல்ல, அளவுத் தப்பு. அதனால நீளம், கனம், தரம், எத்தனை உருப்படின்னு பட்டியல் போட்டு ஒப்பந்தத்தோட இணைக்கணும். அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் ஷரத்து செல்லும்.

புதுமனை:
இது உபயோகமான விஷயம் அண்ணா. மொத்த மரத்தையும் இப்பவே வாங்கிப் போட்டுவிட்டால்?

மரவாடி:
போடலாம். ஆனா தரையிலிருந்து தூக்கி, அடுக்குக்கு அடுக்கு குறுக்கே ரீப்பர் கொடுத்து, மேலே மட்டும் மூடி, பக்கம் காத்தோட்டமா விடணும். தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினா உள்ளே வேர்த்து பூசணம் பிடிக்கும். சூளையில் உலர்த்தின மரம் 19 சதவீத ஈரத்துக்குள்ள வரும். மழையில் போட்டா அந்தக் காசு வீண், சட்டம் முறுக்கிக்கும். திருட்டு வேற.

உளிச்சத்தம்:
உரிமையாளர் வாங்கின மரம் முறுக்கிச்சுன்னா நான் பொறுப்பில்லை, இப்பவே சொல்லிட்டேன்.

கணக்கர்:
பார்த்தீங்களா, எதுக்குமே பொறுப்பில்லையாம்! சரி, ஷரத்து வேணும்னா இப்படி எழுதட்டும்: கையெழுத்திட்ட நாளில் மரக்கடை கொடுத்த விலைப்பட்டியல்தான் அடிப்படை. 5 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அவர் பாடு. அதுக்கு மேல் ஏறினால் அசல் பில்லோடு கேட்கலாம், இறங்கினால் அதே கணக்கில் கழிக்கணும். லாப சதவீதத்தை வித்தியாசத் தொகை மேல் போடக் கூடாது. உரிமையாளர் கொடுப்பதற்கு ஓர் உச்சவரம்பும் இருக்கணும்.

உளிச்சத்தம்:
இறங்கினா கழிக்கிறேன், பில்லும் காட்டுறேன். உச்சவரம்புக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். 2021 மாதிரி இன்னொரு வருஷம் வந்தா?

கணக்கர்:
வந்தால் அந்தக் கட்டத்தில் இரண்டு பேரும் நஷ்டமில்லாமல் விலகிக்கொள்ளலாம்னு எழுதுங்க. கடன் வாங்கினவருக்கு மேல்வரம்பு இருக்கு, உங்களுக்கு மட்டும் கிடையாதா?

புதுமனை:
வரம்பில்லாமல் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. நாளைக்கு உருப்படிப் பட்டியல் கேட்டிருக்கிறேன். கொடுக்க மறுத்தால் அடுத்த கொட்டேஷன்தான்.

உளிச்சத்தம்:
கேளுங்க. அந்தக் கொட்டேஷன் எத்தனை நாளைக்குச் செல்லும்னும் சேர்த்துக் கேளுங்க. விலை ஓடுற நேரத்தில் ரெண்டு வாரத்துக்கு மேல யாரும் கொடுக்க மாட்டாங்க.